இறந்தோர் பட்டியலில் தியோடர் சித்தப்பா

சேசு மரி சூசை துணை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
4 நவம்பர் 2003

அன்பு மகள் சோஃபியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறாயா இல்லையா என்று நீ எழுதவே இல்லை. உன் அக்டோபர் பதினோராம் தேதிக் கடிதம் இருபதாம் தேதி கிடைத்தது. தியோடர் தாத்தாவை ஒருமுறை போய்ப் பார், பழசை மறந்து மன்னித்துவிடு, என் கல்யாணப் பத்திரிகையில் உன் பிறந்த வீட்டுப் பெரியவர் என்று அவர் பெயரைப் போடு என்று கேட்டிருந்தாய். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே நடந்ததை நோரா அத்தை போன் பண்ணி அவள் பாணியில் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

போனவர்கள் நான்கு பேர். நான், அப்பா, உன் தம்பி யூஜின், அப்பாவின் அக்கா நோரா அத்தை. ஐந்தாவதாக யாரும் இல்லை, அவள் வீட்டுக்காரர் டென்சில் அங்கிள் வருவதாக இருந்தது, சனிக்கிழமையே காய்ச்சல் என்று படுத்துவிட்டார். போனது நவம்பர் இரண்டு, ஞாயிறு, கல்லறைத் திருநாள். அந்த நாளைத்தான் நான் வேண்டுமென்று பார்த்து வைத்தேன், தற்செயல் என்று நினைத்துவிடாதே.

விடிகிற நேரத்தில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிக்குப்பம் வண்டி ஏறினோம். கோலார் தங்க மைன்ஸ் மூடி இரண்டே முக்கால் வருஷத்தில் பாதி கே.ஜி.எஃப். பெங்களூருக்குக் குடிவந்துவிட்டது, ஈஜிபுரா என்ன, ஜீவனஹள்ளி என்ன, எங்கே பார்த்தாலும் அந்த ஊர் ஆட்கள். அன்றைக்கு அத்தனை பேரும் தங்கள் தங்கள் கல்லறைக்குப் போகிறார்கள். பெட்டி முழுக்க சாமந்தி மூட்டையும் மெழுகுவத்திப் பையும் சுண்ணாம்பு டப்பாவும்தான், உட்கார இடமில்லை. நோரா அத்தை ஒரு மூட்டையின் மேலே உட்கார்ந்துவிட்டு, பூவுக்குச் சொந்தக்காரன் சத்தம் போட்டதும், "எங்க சி.எஸ்.ஐ. கோயில்ல செத்தவங்களுக்குப் பூசையும் கிடையாது, பேர் படிக்கறதும் கிடையாது, போனவங்க நிம்மதியா போயிடறாங்க, உங்களாட்டம் வருஷா வருஷம் எழுப்பி வுடறதில்ல" என்றாள். பெட்டியே சிரித்தது. யூஜின் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்தவன், பங்காருப்பேட்டை வரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

எங்கள் ஊர் சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினோம். யூஜின் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னா மம்மி, தங்கம் தங்கம்னு சொன்னே, மண்ணுமேடுதான் கீது" என்றான். சைனைட் மேட்டைத்தான் சொன்னான். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள், காற்று அடித்தால் அந்தப் புழுதி கோயில் படி வரைக்கும் வரும். சுரங்க ஷாப்டின் மேலே இரும்புச் சக்கரம் அசையாமல் நிற்கிறது, கீழே புல் முளைத்திருக்கிறது. தொழிலாளர் லைன் வீடுகளில் பல வீட்டுக்குக் கதவே இல்லை, பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உடன் வந்த ஒரு அம்மாள் அந்தச் சக்கரத்தைப் பார்த்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை சோஃபியா. என் அப்பாவைப் பதினெட்டு வருஷம் கீழே இறக்கி, நெஞ்சு நிறையத் தூசியோடு மேலே அனுப்பி வைத்த சக்கரம் அது. நின்றுபோனதைக் கண்ணால் பார்த்ததில் எனக்குத் திருப்திதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ பாதி தெரிந்துகொண்டு மன்னி மன்னி என்று எழுதியிருக்கிறாய், அதனால் முழுவதையும் ஒருதரம் எழுதுகிறேன். என் அப்பா சாகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் தம்பி தியோடர் சித்தப்பா மைன்ஸில் மேஸ்திரி, எங்களைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். எட்டு வருஷம் எனக்கும் அம்மாவுக்கும் சோறு போட்டார், அதை நான் எங்கேயும் இல்லை என்று சொன்னதில்லை. கோயிலில் சபைத் தலைவரும் அவரேதான், ஃபாதருக்கு அடுத்தபடி அவர் வார்த்தை. உன் அப்பா பெங்களூரிலிருந்து பம்ப் மோட்டார் பழுது பார்க்க அங்கே வந்தவர், சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட், அந்த ஊரில் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அவர்களைப் பதிதர் என்றுதான் சொல்வார்கள், வேதத்தை விட்டு விழுந்தவர்கள் என்று. எழுபத்துமூன்றாம் வருஷம் ஜூனில் நான் இவரோடு வந்து இவர் கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்டேன். அதே வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் பூசையில், இறந்தவர்கள் பெயரை வாசிக்கிறபோது, தியோடர் சித்தப்பா பீடத்தருகில் நின்று என் அப்பா பெயருக்கு அடுத்தபடியாக "சவரிமுத்து மகள் பெனடிக்டா" என்று என் பெயரை வாசித்தார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். கோயிலே திரும்பிப் பார்த்ததாம். அம்மா அன்றைக்குப் படுத்தவர்கள்தான், அடுத்த தவக்காலத்தில் போய்விட்டார்கள். எனக்குத் தகவல் வரவில்லை. பக்கத்து லைன்காரர் ஒருவர் பெனிக்குத் தந்தி கொடுக்கலாமே என்றதற்கு, "செத்தவளுக்கு எவன் தந்தி அடிப்பான்" என்றாராம் சித்தப்பா. பதினோரு நாள் கழித்து இங்கே மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சாம்பியன்காரி சொல்லித்தான் என் அம்மா செத்தது எனக்குத் தெரியும். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இந்த முப்பது வருஷத்தில் நான் ஒப்புக்கொடுத்த பூசையையும் சொன்ன ஜெபமாலையையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அத்தனையிலும் சித்தப்பாவை மன்னிக்க வரம் கொடு என்று கேட்டேன். கொடுக்கவில்லை. கொடுக்காததை நான் எங்கே போய் எடுத்து வருவது.

கோயில் வாசலில் வழக்கம்போல ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டு இறந்தவர்கள் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும், பூசை நடுவில் எடுத்து வாசிப்பார்கள். எல்லாரும் அங்கேயே பேனா கடன் வாங்கி எழுதினார்கள். நான் பெங்களூரிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். அங்கே போய் ஏதோ ஆத்திரத்தில் எழுதிவிட்டாள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே இதை உனக்குச் சொல்கிறேன். என் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். சவரிமுத்து, அந்தோணியம்மாள், மேஸ்திரி தியோடர். என் அப்பா, என் அம்மா, சித்தப்பா என்று மூன்று பெயர், மூன்றும் தெளிவான எழுத்தில். நான் ஐந்தாவதோடு நின்றவள், ஜெபப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மீதி எழுத்தெல்லாம் பழகினேன், இருந்தாலும் என் கையெழுத்தை யாரும் தப்பாக வாசித்ததில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. போட்டுவிட்டு உள்ளே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சித்தப்பா முதல் பெஞ்சில் இருந்தார். எண்பத்தொரு வயது, முதுகு வளைந்திருக்கிறது, ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இப்போது அவர் வாசிப்பதில்லை, கோரமண்டல் மைன்ஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு டீச்சர் வாசித்தாள், அவளுக்கு ஆட்களைத் தெரியாது. பத்துப் பெயர் வாசிப்பாள், நிறுத்துவாள், சனங்கள் எல்லாரும் சேர்ந்து நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்குத் தந்தருளும் ஆண்டவரே என்று சொல்வார்கள், மறுபடி பத்து. எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ என் தாள் வந்தது. சவரிமுத்து, அந்தோணியம்மாள், மேஸ்திரி தியோடர் என்று வாசித்து நிறுத்தினாள். சனங்கள் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டார்கள் சோஃபியா. முழுக் கோயிலும் அவருக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுவிட்டது. நான் அவர் கன்னத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வாயும் அசைந்தது, அவரும் கூடச் சேர்ந்து சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தலையில் ஏறியது. ஒவ்வொரு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. எங்கள் பின்னால் ஒரு கிழவர், "மேஸ்திரி எப்போ போனாரு, காலைல டீ குடிக்கறப்போ பாத்தேனே" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். யூஜினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நோரா அத்தை அவன் தொடையைக் கிள்ளினாள். வாசித்த டீச்சருக்கு என்ன தவறு என்று புரியவில்லை, அடுத்த தாளை எடுத்துவிட்டாள். சித்தப்பா மெதுவாக உடம்போடு திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது பெஞ்சில் அவர் பார்வை நின்றது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை, பசித்தவளுக்குச் சோறு விழுந்த மாதிரி இருந்தது. நற்கருணை நன்மை வாங்க மட்டும் நான் எழுந்து போகவில்லை. பழிக்காக எழுதிவிட்டு அந்த நாக்கிலேயே ஆண்டவரை வாங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. இதை எழுதுகிற வரைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை, செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் இல்லாமல் போய் ஃபாதர் காதில் என்ன சொல்வது.

பூசை முடிந்து எல்லாரும் கல்லறைக்கு நடந்தோம். அப்பா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "பெனி, நீயா" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கிக்கொண்டார். அம்மா கல்லறைச் சிலுவையின் ஒரு கை உடைந்திருக்கிறது, புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம், தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. சித்தப்பா தனியாகத்தான் வந்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "எழுதிப் போட்டது நீதானேடி" என்பது. நான் எழுந்திருக்காமலே, "நாந்தான் சித்தப்பா. முப்பது வருஷமா அந்த லிஸ்டுல ஒண்டியா கீறேன், பக்கத்துல எடம் காலியா இருந்திச்சு, கூப்ட்டேன்" என்றேன். நோரா அத்தை ஏசுவே என்று சொல்லிக்கொண்டு நாலு கல்லறை தள்ளிப் போய்விட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தடியின் மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "உம் பேரை நானா எழுதலடி, உங்கம்மா எழுதச் சொன்னா" என்றார்.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நான் போனதிலிருந்து அம்மா எனக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லி அழுதுகொண்டே இருந்தார்களாம். பதிதனைக் கட்டி வெளியே போனவள் பெயரைப் பீடத்தில் சொல்ல முடியாது என்று இவர் மறுத்துவிட்டாராம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அம்மா இவரிடம் வந்து, "உசுரோட இருக்கறவங்க வரிசையில எம் பொண்ணுக்கு எடமில்லன்னா, செத்தவங்க வரிசையிலயாவது அவ பேரைக் கோயில்ல சொல்லுங்க, யாராவது ஒருத்தர் அவளுக்காக வேண்டிக்கட்டும்" என்றார்களாம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, இவர் எழுதினாராம். வாசித்ததும் கோயிலே எனக்காக ஒரே குரலில் வேண்டிக்கொண்டதைக் கேட்டு, அம்மா முக்காட்டுக்குள் அழுதார்களாம், அவமானத்தில் அழுத அழுகை இல்லையாம் அது.

என் அம்மா அப்படிச் சொல்லக்கூடியவர்கள்தான். சொல்லியிருக்கவே மாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன்னிடம் மறைக்கவும் இல்லை. அப்புறம் கேட்டேன், "சரி சித்தப்பா, பேரை அம்மா சொன்னாங்க. அம்மா செத்தப்போ எனக்குத் தந்தி அடிக்காதேன்னு யார் சொன்னாங்க" என்றேன். அவர் கல்லறையைப் பார்த்தார், சைனைட் மேட்டைப் பார்த்தார். பிறகு, "அது நாந்தான். அந்த ஒண்ணு நாந்தான்டி, வேற யாரும் இல்ல" என்றார். எனக்கு அது போதும். என்னைப் பட்டியலில் போட்டதுக்கு ஆயிரம் காரணம் சொல்லட்டும், என் அம்மா முகத்தை நான் பார்க்காமல் போனதற்குக் காரணம் ஒரே ஒருவர்தான், அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்பா நடுவில் வந்து, "வயசானவரு, வுடு பெனி, அவரே ஒத்துக்கினாரு இல்ல" என்றார். ஒத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஒத்துக்கொள்வதற்கு அவருக்கு முப்பது வருஷம் ஆனது, விடுவதற்கு எனக்கு முப்பது நிமிஷம் தருகிறார்கள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ஏர்மெயில் கவரை எடுத்தார். தூரத்திலிருந்தே உன் கையெழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒம் பொண்ணு எழுதியிருக்கா, கல்யாணத்துக்கு முன்வரிசையில ஒக்கார வாங்க தாத்தான்னு. கோட்டு தைக்கக் குடுத்துட்டேன். பத்திரிகையில பேரு போடறியா இல்லையா, அதைச் சொல்லிடு" என்றார். எனக்குக் கையிலிருந்த சுண்ணாம்புப் பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரை மன்னிக்கச் சொல்லி எனக்கு எழுதுகிற அதே பேனாவால், எனக்குத் தெரியாமல் அவரை அழைத்தும் விட்டாய். என் சார்பில் நீ மன்னித்துவிட்டாய். என் அம்மா என் சார்பில் என்னைச் சாகடித்தார்கள், நீ என் சார்பில் சமாதானம் செய்துவிட்டாய், நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேனா இல்லையா என்று யாராவது கேட்டீர்களா. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். என் அம்மாவுக்கு இரண்டு, என் அப்பாவுக்கு இரண்டு என்று மெழுகுவத்தி ஏற்றினேன், காற்றில் மூன்று அணைந்தது, மறுபடி ஏற்றினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். போகும்போது வழியில் இரண்டு பேர் அவரை நிறுத்தி உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அதையும் நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

திரும்பி வருகிற வண்டியில் ஒயிட்பீல்டு வந்ததும்தான் அப்பா, "அந்தாளு கோட்டு தைக்கக் குடுத்துட்டாரு, அதை யோசி" என்றார். கோட்டை நான் ஏன் யோசிக்க வேண்டும். யூஜின் உன் பக்கம்தான், அதையும் எழுதிவிடுகிறேன், கிழவரை விட்டுவிடு மம்மி என்கிறான். நோரா அத்தை மட்டும் நான் செய்தது சரி என்கிறாள், ஆனால் அவளுக்கு எங்கள் கோயிலில் குழப்பம் நடந்தாலே சந்தோஷம், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது பத்திரிகை விஷயம். பிரஸ்காரர் யூஜின் சிநேகிதனுடைய அப்பா, டிசம்பர் முதல் தேதிக்குள் வாசகம் கொடுத்தால் போதும் என்றிருக்கிறார், ஜனவரி பன்னிரண்டு கல்யாணத்துக்குத் தாராளமாக வந்துவிடும். உன் கல்யாணம், உன் பத்திரிகை, நீ சம்பாதித்த பணத்தில் நடக்கிற காரியம். யார் பெயரைப் போட வேண்டும் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நான் குறுக்கே நிற்கமாட்டேன். கோயிலுக்கும் வருவேன், உன் தலையில் கை வைப்பேன், சாப்பாட்டுப் பந்தியில் கரண்டியும் பிடிப்பேன். ஆனால் அவர் பெயர் இருக்கிற அட்டையில் என் பெயர் இருக்காது. திருமதி பெனடிக்டா அலெக்சாண்டர் என்று ஒரு வரி அதில் வராது, அலெக்சாண்டர் மகள் என்று மட்டும் போட்டுக்கொள். இதில் பயமுறுத்தல் ஒன்றும் இல்லை, அழுகையும் இல்லை, நிதானமாக நான்கு நாள்... இல்லை, இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மற்றபடி உன் பிளவுஸ் அளவு இன்னும் வரவில்லை, டெய்லர் இரண்டு தரம் கேட்டுவிட்டார், நெஞ்சளவோடு கை நீளத்தையும் சேர்த்து அனுப்பு. சளி இருந்தால் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி, அந்த ஊர் மாத்திரையை நம்பாதே. ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. ஜெபமாலையை விட்டுவிடாதே, நான் இப்போது சரியாகச் சொல்ல முடியாத நிலையில் இருப்பதால் என் பங்கையும் சேர்த்து நீயே சொல்லு. சர்வேசுரனும் தேவமாதாவும் உன்னைக் கண்ணும் இமையுமாகக் காத்து, உன் கல்யாணத்தை ஒரு குறையும் இல்லாமல் நடத்தித் தரட்டும். நீயும் அந்தப் பிள்ளையும் நூறு வயது ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

பத்திரிகையில் அவர் பெயரா என் பெயரா என்று எழுது. போனில் சொல்லாதே, உன் குரலைக் கேட்டால் நான் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன், அது எனக்கு வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து பதில் எழுதித் தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பெனடிக்டா அலெக்சாண்டர்